விளம்பரச் சத்தத்தோடு மல்லுக்கட்டும்போது செய்யும் தவறுகள்

சீரியலில் மாமியார் மருமகளிடம் கிசுகிசுவென்று ஏதோ ரகசியம் சொல்வார். அது காதில் விழட்டுமே என்று வால்யூமை ஏற்றுவோம். அடுத்த நொடியே திருச்செங்கோட்டு போர்வெல்லோ ஈரோட்டு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியோ வந்து கூரையைப் பிய்க்கும். தூங்கிய குழந்தை எழுந்து அழும், ரிமோட்டைத் தேடுவதற்குள் விளம்பரமே முடிந்திருக்கும். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுகிறோம், எதை அளக்கிறோம், எங்கே போய் முறையிடுகிறோம் என்பதில் பெரும்பாலும் தடம் மாறிவிடுகிறோம்.

முதலில் மாட்டுகிறவர் கேபிள்காரர்

"ஏனுங்ணா, விளம்பரம் வந்தா மட்டும் சவுண்ட ஏத்தி உடறீங்களா?" மாசச் சந்தா வாங்க வரும்போது கேட்கப்படும் கேள்வி இது. "நான் எங்கீங்க ஏத்தறது, வர்றதத்தானுங்க உடறேன்" என்று அவர் சொன்னால், சாட்டிலைட் சேனலைப் பொறுத்தவரை அது உண்மை. நிகழ்ச்சியும் விளம்பரமும் சேனலிலிருந்து ஒரே ஓடையாகத்தான் வருகின்றன. எது சீரியல், எது சோப்பு விளம்பரம் என்று உங்கள் தெருவில் கம்பி இழுத்தவருக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

உள்ளூர் சேனல் விஷயம் வேறு. கோயில் கும்பாபிஷேகமும் பழைய பாட்டும் ஓடுகிற அந்தச் சேனலில், நடுநடுவே வரும் மாட்டுத்தீவன விளம்பரத்தையும் பம்ப்செட் விளம்பரத்தையும் ஏற்றுவது உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறைதான். அங்கே ஒருவர் மனது வைத்தால் அன்றைக்கே சரிசெய்யலாம். எந்தச் சேனலில் சத்தம் என்று சொல்லாமல் பொதுவாகத் திட்டினால், அவரால் சரிசெய்யக்கூடியதும் அப்படியே கிடக்கும்.

உச்சத்தைப் பார்த்து ஏமாறுவது

விளம்பரம் வரும்போது யாரோ ஒரு குமிழைத் திருகி ஏற்றுகிறார்கள் என்பதுதான் பலருடைய எண்ணம். பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒலி எட்டும் உச்ச அளவுக்கு எல்லாச் சேனலிலும் ஒரு வரம்பு உண்டு. சீரியலும் அதைத் தாண்டாது, விளம்பரமும் தாண்டாது. வித்தியாசம், அந்த உச்சத்துக்குக் கீழே எவ்வளவு நிரப்பியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பஞ்சை அப்படியே அள்ளி லாரியில் போட்டால் ஒரு எடை; பிரஸ்ஸில் அழுத்திப் பொதியாக்கி அதே உயரத்துக்கு அடுக்கினால் எடை வேறு. சீரியலில் பேச்சு, மூச்சு, மௌனம், எப்போதாவது ஒரு கதவடி என்று சத்தம் ஏறி இறங்கும். விளம்பரத்தில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஷர் போட்டு மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கிவிட்டு, முப்பது நொடியும் உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். போதாக்குறைக்கு, காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியையும் கொஞ்சம் தூக்கி வைப்பார்கள்.

அதனால்தான் உச்சத்தை மட்டும் அளந்த பழைய மீட்டர்களுக்கு இந்தத் திருட்டு பிடிபடவே இல்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பி.எஸ்.1770 என்ற அளவுமுறையை வெளியிட்டது. காது உணரும் விதத்துக்கு ஏற்ப அலைவரிசைகளுக்கு எடை கொடுத்து, முழு நிகழ்ச்சிக்கும் சராசரி உரப்பை, அதாவது காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பதை, கணக்கிடும் முறை அது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர் ஒன்றியம் 2010-இல் ஆர்128 பரிந்துரையில் இலக்கை மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். என்று வைத்தது (டிஜிட்டல் ஒலியின் உச்சத்தைப் பூஜ்யமாக வைத்து உரப்பை அளக்கும் அலகு இது). அமெரிக்காவில் அது மைனஸ் 24. அங்கே விளம்பரச் சத்தத்தைக் கட்டுப்படுத்த அன்னா எஷூ என்ற எம்.பி. முன்னெடுத்த சட்டம் 2010 டிசம்பரில் கையெழுத்தாகி, அதன் விதிகள் 2012 டிசம்பர் 13 முதல் அமலுக்கு வந்தன.

இதிலும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. சட்டம் வந்தால் விளம்பரம் அமைதியாகிவிடும் என்று நினைப்பது. சட்டம் பார்ப்பது சராசரியை. ஒரு மணி நேர சீரியலின் சராசரியும் விளம்பரத்தின் சராசரியும் ஒன்றாகவே இருந்தாலும், கிசுகிசுப்பான காட்சி முடிந்த கையோடு விளம்பரம் வந்தால் அது அலறுவதுபோலத்தான் கேட்கும். சண்டைக்காட்சிக்குப் பின்னால் வந்தால் அதே விளம்பரம் சாது. இந்த இடத்தில் இயக்குநரும் கொஞ்சம் குற்றவாளி என்பேன்.

தறிச் சத்தத்தைக் கணக்கில் எடுக்காதது

நம் கொங்குப் பக்கத்து வீடுகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று எங்கே போனாலும் வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருக்கும். ஓடுகிற விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் டிவி பார்க்கிறவர் அந்த இரைச்சலை மீறிக் கேட்கத்தான் வால்யூமை வைக்கிறார். ஷிஃப்ட் மாறி தறி நின்றதும் வால்யூமைக் குறைக்க யாருக்கும் ஞாபகம் வராது. அந்த நேரம் பார்த்து விளம்பரம் வந்தால், அது உண்மையில் கத்துவதைவிடப் பல மடங்கு கத்துவதாகத் தோன்றும். ஏறக்குறைய 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தம்போல இருக்கும் என்பது பொதுக்கணக்கு.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, தறியில் வருசக்கணக்காக நின்றவர்களின் காது. இரைச்சலால் கேட்கும் திறன் குறையும்போது முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. ச, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை அந்த உயரங்களில்தான் இருக்கிறது. அதனால் அப்பாருக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. "என்ன சொல்றான்னே தெரியல, இன்னுங் கொஞ்சம் வெய்யி கண்ணு" என்பார். வைத்தால், விளம்பரம் வந்ததும் அவரே காதைப் பொத்திக்கொள்வார். கேட்கவில்லை என்றவருக்குச் சத்தம் எப்படி வலிக்கும் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். அது நடிப்பு அல்ல. உட்காது பழுதானவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால் கேட்கத் தொடங்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் உரப்பு சரசரவென்று ஏறிவிடும். மெல்லியதற்கும் தாங்கமுடியாததற்கும் இடையிலான இடைவெளி அவர்களுக்கு மிகச் சிறியது.

அப்படிப்பட்டவருக்கு வால்யூமை ஏற்றிக்கொண்டே போவது வைத்தியம் ஆகாது. பல டிவிகளில் பேச்சை மட்டும் தெளிவாக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதைப் போட்டுப் பாருங்கள். காதுப் பரிசோதனை ஒன்றும் செய்துவிடுங்கள்.

ஃபோன் ஆப்பை நம்புவது

டெசிபல் காட்டும் ஆப்பை இறக்கி, சீரியலுக்கு இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவு என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஆப் காட்டுவது அந்த நொடியில் அந்த அறையில் இருக்கும் சத்தம். ஃபேன், மிக்ஸி, வாசலில் போகும் புல்லட், எல்லாம் அதில் சேர்த்தி. சராசரி உரப்பு அளவுக்கும் அதற்கும் நேரடி ஒப்பீடே கிடையாது. வீடியோ எடுத்து அனுப்புவது இன்னும் மோசம். பெரும்பாலான ஃபோன்கள் பதிவு செய்யும்போது பெரிய சத்தத்தைத் தாமாகவே அடக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். நீங்கள் நிரூபிக்க நினைத்த வித்தியாசம் பதிவிலேயே பாதி கரைந்திருக்கும்.

செட்டிங்கைத் தப்பான பெட்டியில் மாற்றுவது

டிவியில் ஆட்டோ வால்யூம், நைட் மோடு என்று ஏதாவது ஒரு பெயரில் சத்தத்தைச் சமன்செய்யும் வசதி இருக்கும். அதைப் போட்டும் பயனில்லை என்கிறவர்கள், சத்தம் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். சவுண்டுபார் வைத்திருந்தால் டிவியின் அமைப்பு பல நேரம் அதைத் தொடவே தொடாது, சவுண்டுபாரின் சொந்த ரிமோட்டில்தான் தேடவேண்டும். செட்டாப் பாக்ஸின் வால்யூமைக் குறைவாக வைத்து டிவியில் ஏற்றுவதும் சரியில்லை. பாக்ஸை முழுசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டிவியில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். சினிமா மோடு சீரியலுக்கு வேண்டாம்.

விளம்பரம் எடுக்கிறவர்கள் செய்வது

காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் எடிட்டிங் அறை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கடை முதலாளி பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நம்ம கடைப் பேரு வர்றப்ப இன்னும் நல்லா சத்தமா வெய்ங்க தம்பி" என்பார். தம்பியும் உச்சத்தைத் தாண்டாமல் வெட்டி நிறுத்தும் லிமிட்டரைப் போட்டு, அலைவடிவம் செங்கல்போல ஆகும்வரை அழுத்திக் கொடுப்பார். அறையில் கேட்க ஜோராக இருக்கும். உரப்பை அளந்து சமன்செய்யும் சேனலுக்கு அது போனால், அங்கே மொத்தமாக இறக்கி வைத்துவிடுவார்கள். யூடியூபும் தன் இலக்கான மைனஸ் 14-ஐத் தாண்டியதை இறக்கித்தான் ஓட்டுகிறது. அழுத்தியதால் உயிர்ப்பு போய், இறக்கியதால் சத்தமும் போய், பக்கத்து விளம்பரத்தைவிடத் தட்டையாகக் கேட்கும். மூச்சு விட இடம் கொடுத்துக் கலந்த விளம்பரம்தான் அங்கே எடுப்பாக நிற்கும். முதலாளி கொடுத்த காசு காற்றோடு போன கதை இது.

கெட்டிக்காரத்தனமாக இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். விளம்பரத்தில் சில நொடி மௌனம் வைத்துச் சராசரியைக் கீழே இறக்கி, மிச்ச நொடிகளில் கத்துவது. 2011-இல் பி.எஸ்.1770 திருத்தப்பட்டபோது, மௌனமான துண்டுகளைக் கணக்கில் சேர்க்காத முறை வந்துவிட்டது. இன்றைய மீட்டரிடம் அந்த வித்தை செல்லாது.

எடிட்டிங் மென்பொருள்கள் பலவற்றில் உரப்பு மீட்டர் கூடவே வருகிறது. சேனல் எந்த அளவு கேட்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து, முழு விளம்பரத்தையும் ஓடவிட்டு அளந்து கொடுங்கள். யூடியூபுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுப்பதுதான் முறை.

சட்டத்தைக் குழப்பிக்கொள்வது

இரைச்சல் விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று இருக்கிறதே, அதைக் காட்டி சேனலைப் பிடிக்கலாமே என்பார்கள். 2000-ஆம் ஆண்டின் அந்த விதிகள் வெளிச்சூழலுக்கானவை. தனியார் ஒலிக்கருவியின் சத்தம் வீட்டு எல்லையில் அந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது என்றும் அவற்றில் உண்டு. ஆக அந்த விதி கை நீட்டுவது டிவியை அலறவிட்ட உங்களைப் பார்த்துத்தான்.

மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்ற விதியும் வேறு கணக்கு. அது நேரத்தைப் பற்றியது, சத்தத்தைப் பற்றியது அல்ல.

நமக்கு வேண்டியது 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க் விதிகளில் 7-ஆவது விதி. விளம்பரத்தின் காட்சியும் ஒலியும் அளவுக்கு மீறி உரக்க இருக்கக்கூடாது என்று அதன் 6-ஆம் உட்பிரிவு சொல்கிறது. எவ்வளவு இருந்தால் அளவுக்கு மீறியது? அதற்கு அந்த வரியில் எண் எதுவும் இல்லை. அளவுகோல் இல்லாத தடையை வைத்துக்கொண்டு பார்வையாளரும் ஜெயிக்க முடியாது, நேர்மையான சேனலும் தன்னை நிரூபிக்க முடியாது. மைனஸ் 23 என்றோ 24 என்றோ ஒரு எண்ணை எழுதினாலே பாதி வேலை முடியும் என்பது என் கட்சி.

எண் இல்லையென்று சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. 2021-இல் இந்த விதிகளில் மூன்று அடுக்குப் புகார் முறை சேர்க்கப்பட்டது. முதல் அடுக்கு சேனலேதான். புகார் கிடைத்ததற்கு 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். நேராக டெல்லிக்கு எழுதுவதும், "எப்பப் பாத்தாலும் சத்தமுங்க" என்று தேதியில்லாமல் எழுதுவதும் வீண். சேனல் பெயர், தேதி, மணி நிமிடம், எந்தப் பொருளின் விளம்பரம், அதற்கு முன் என்ன ஓடியது, கேபிளா டிடிஎச்சா என்பதை எழுதுங்கள். சேனலிடம் ஒளிபரப்பின் பதிவு இருக்கும், இந்த விவரம் இருந்தால் அவர்களே எடுத்து அளக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஃபோனிலும் ஸ்மார்ட் டிவி ஆப்பிலும் வரும் விளம்பரத்துக்குக் கேபிள் விதியைக் காட்டாதீர்கள். அமெரிக்காவின் 2010 சட்டத்திலும் ஸ்ட்ரீமிங் இல்லை. கலிபோர்னியா மாநிலம் மட்டும் 2025 அக்டோபரில் அதற்கெனத் தனிச் சட்டம் போட்டு, 2026 ஜூலை 1-ஐ அமல் தேதியாக வைத்தது. இங்கே ஆப்புகளைக் கட்டுப்படுத்துவது 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள். அதன்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் பெயரும் மின்னஞ்சலும் ஆப்பிலோ அதன் தளத்திலோ இருக்கும், அங்கே எழுதுங்கள்.