காட்டு ஆப்பிளின் இலையைப் பறிக்கும் முன்

காட்டோரம் தனியாக நின்ற ஆப்பிள் மரம் ஒன்றை ‘என் காட்டு மரம்’ என்று மூன்று ஆண்டுகள் சொல்லித் திரிந்தேன். டிஎன்ஏ முடிவு வந்தது: தோட்டங்களில் ஒட்டுக்கட்ட வளர்க்கும் சாதாரண வேர்ச்செடி! யாரோ கட்டிய ஒட்டு பட்டுப்போக, அடிச்செடி மட்டும் மரமாகியிருக்கிறது. ஆகவே முதலில் குனிந்து, அடிமரத்தில் ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இலை இளந்துளிராக இருக்கட்டும். முற்றிய இலையில் பீனால் பொருட்கள் மிகுதி. அதனால் டிஎன்ஏ பழுப்பேறி, அதைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வேலை செய்யாது. காகித உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் நிறையப் போட்ட டப்பாவில் மூடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகும்; எனக்கு ஒரு பருவம் முழுவதும் அப்படிப் போனது. உறையில் பென்சிலால் எழுதுங்கள்.

அடையாளம் காண எஸ்எஸ்ஆர் குறிப்பான்கள் (மரத்துக்கு மரம் நீளம் மாறும், திரும்பத் திரும்ப வரும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பத்துப் பதினைந்தாவது வேண்டும். சுற்றுவட்டாரத் தோட்ட ரகங்களின் இலைகளையும் சேர்த்து அனுப்புங்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் அடையாளம் ஏது? இருமடிய மரம் (குரோமோசோம் தொகுதி இரண்டு உள்ளது) ஒரு குறிப்பானுக்கு இரண்டு நீளங்களுக்கு மேல் காட்டாது. பல குறிப்பான்களில் மூன்று தெரிந்தால் அது மும்மடிய (மூன்று தொகுதி உள்ள) மரம், அல்லது இரண்டு மரத்து இலைகளை நீங்கள் கலந்துவிட்டீர்கள். (பெரும்பாலும் இரண்டாவதுதான்.) பசுங்கணிக (இலையின் பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பின்) டிஎன்ஏ தாய்வழி மட்டுமே வருவது, தோட்டத்து மகரந்தம் கலந்ததை அது சொல்லாது.

இனக்கலப்பில்தான் குறிப்பானின் அருமை தெரியும். பொருக்கு நோயை (இலையிலும் பழத்திலும் கரும்புள்ளி விழச் செய்யும் பூஞ்சை நோய்) தாங்கும் ஆர்விஐ6 மரபணு, மாலஸ் ஃப்ளோரிபண்டா 821 என்ற குறுங்கனி மரத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் இல்லினாயில் 1914இல் கலப்பு செய்தார்கள். அந்த மரபணு கொண்ட ‘பிரைமா’ ரகம் வெளிவந்தது 1970இல். பழம் பெருக்கும்வரை தலைமுறை தலைமுறையாகப் பின்கலப்பு (தோட்ட ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலப்பது) செய்ய வேண்டியிருந்தது. இன்று நாற்று நான்கு இலை விட்டதும் சோதித்து, மரபணு இல்லாதவற்றைக் கழித்துவிடலாம். மரபணுவின் இருபுறமும் ஒவ்வொரு குறிப்பான் வையுங்கள். பக்கத்திலிருக்கும் காட்டுக் குணங்கள் கழன்ற நாற்று எதுவென்று தெரியும். பின்கலப்புக்கு ஒவ்வொரு முறையும் வேறு தோட்ட ரகத்தை எடுங்கள். ஒரே ரகத்தையே திருப்பினால் மகரந்தம் ஒட்டாமலும் நாற்று நலிந்தும் போகலாம்.

ஆனால் ஆர்விஐ6 ஒன்றையே நம்பாதீர்கள். அதை மீறும் பூஞ்சை வகைகள் வந்துவிட்டன. இரண்டு மரபணுக்களைச் சேர்த்திருக்கும் நாற்றைப் பூஞ்சை வித்தைத் தெளித்துப் பிரித்தறிய முடியாது: ஒன்று இருந்தாலும் இலை சுத்தமாகவே நிற்கும். குறிப்பான் பிரித்துக் காட்டும். என் கலப்பில் 48 நாற்றுகளில் இரண்டும் சேர்ந்தவை கால் பங்கு, அதாவது பன்னிரண்டு எதிர்பார்த்தேன், கிடைத்தவை ஒன்பது. அவற்றின் பழம் புளிக்குமா இனிக்குமா என்பதைக் காய்த்த பிறகு நாக்குதான் சொல்ல வேண்டும்.