ஹீட் பம்ப் எந்த சைஸ்? கேஸ் பில்லே சொல்லும்

பிரிட்டனில் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) போடப் போகிறீர்களா? ஒரு வருடத்தில் எத்தனை கிலோவாட் மணி கேஸ் எரித்தீர்கள் என்று பில்லில் பார்த்து அதை 2,900-ஆல் வகுத்துவிடுங்கள், தேவையான கிலோவாட் ஏறக்குறைய வந்துவிடும். 14,500 என்றால் 5 கிலோவாட், அவ்வளவுதான்.

பழைய பாய்லர் 24, 30 கிலோவாட் என்று இருக்குமே என்று பதற வேண்டாம். காம்பி பாய்லருக்கு (அறைகளையும் குழாய்த் தண்ணீரையும் ஒன்றே சூடாக்கும் வகை) அவ்வளவு சக்தி தேவைப்படுவது குழாயில் ஓடும் தண்ணீரை அந்த நொடியிலேயே சூடாக்குவதற்குத்தான், அறைகளுக்கு அல்ல. வீடு நிஜமாக எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்பது பில்லில் பதிவாகியிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதாகப் போட்டால் விலையும் கூடும், குளிர் குறைந்த நாட்களில் அடிக்கடி நின்று நின்று ஓடி கரண்டையும் தின்னும்.

விறகு அடுப்பும் எரிப்பவர்கள், பாதி அறைகளைச் சூடாக்காமலே வைத்திருப்பவர்கள் இதை நம்பக்கூடாது, எண் குறைவாகத்தான் வரும். புதிதாக இன்சுலேஷன் போட்டிருந்தால் நேர்மாறாக, பழைய பில் கூட்டிக் காட்டும். கனடா மாதிரி கடுங்குளிர் ஊர்களுக்கு இந்த 2,900 செல்லாது. அப்புறம், ஆர்டர் கொடுக்கும் முன் அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்கு எப்படியும் போட்டாக வேண்டும்; அதில் 12 கிலோவாட் என்று வந்தால், உங்கள் 5-ஐக் காட்டி, கணக்குப் போட்டவரிடம் ஏன் என்று கேளுங்கள்.