பொந்து மரத்து வண்டுகளுக்கான காப்பக வலையமைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘நேச்சுரா 2000’ என்ற காப்பக வலையமைப்பு, ஒன்றியத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 18 விழுக்காட்டில் பரவியிருக்கிறது. அழியும் நிலையிலுள்ள சில வண்டினங்களுக்காகக் காப்பகங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் வாழிட நெறியாணை என்ற ஒன்றியச் சட்டம் பெயர் சொல்லியே கட்டளையிடுகிறது. இருந்தும், மட்கும் மரத்தை நம்பி வாழும் ஏறத்தாழ 700 ஐரோப்பிய வண்டினங்களை இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2018இல் மதிப்பிட்டபோது, அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அழியும் ஆபத்தில் இருப்பது தெரியவந்தது. சட்டம் இல்லாததால் வந்த நிலை அன்று இது. காப்பகங்களைத் திட்டமிடுகிறபோதும் பராமரிக்கிறபோதும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் சில தவறுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

அவற்றைத் தெளிவாகக் காட்டுவது துறவி வண்டு. ஓஸ்மோடெர்மா எரெமிட்டா என்பது அதன் அறிவியல் பெயர். மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள, மெல்லிய பளபளப்புடன் கூடிய இந்தக் கரும்பழுப்பு வண்டு, முதிர்ந்த ஓக் போன்ற மரங்களின் பொந்துக்குள் சேர்ந்துகிடக்கும் மட்கிய மரத்தூளில்தான் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. அதன் புழு அந்தத் தூளுக்குள்ளேயே மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ வளர்கிறது. கோடையில் ஆண் வண்டு பொந்தின் வாயில் வந்து நின்று, பழுத்த பீச் (peach) பழத்தின் மணமுள்ள பெரோமோன் என்ற ஈர்ப்பு வேதிப்பொருளை வெளியிட்டுப் பெண் வண்டை அழைக்கிறது. பொந்து ஈரம் குறையாமல் நிலைத்திருக்கும்வரை, ஒரே மரம் பல தலைமுறை வண்டுகளுக்கு வீடாக இருக்கும்.

எனவே, காப்பகத்தின் மதிப்பை ஹெக்டேர் கணக்கில் அளப்பதுதான் முதல் தவறு. இந்த வண்டுக்கு ஒவ்வொரு பொந்து மரமும் தனித்த ஊர். ஆயிரம் ஹெக்டேர் இளங்காட்டில் ஒரு வண்டுகூட வாழ முடியாமல் போகலாம். நூறு முதிய மரங்கள் நிற்கும் சிறிய மேய்ச்சல் நிலம் ஒரு முழுக் கூட்டத்தையே தாங்கலாம். வரைபடத்தில் எல்லை வரைவதற்கு முன், எத்தனை மரங்களில் பொந்து இருக்கிறது, எத்தனையில் அது உருவாகத் தொடங்கியிருக்கிறது என்று எண்ண வேண்டும்.

அடுத்தது தூரத்தைப் பற்றிய தவறு. இதுவே மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து. சிறகு இருப்பதால் வண்டு ஒரு காப்பகத்திலிருந்து அடுத்ததற்குப் பறந்துவிடும் என்று திட்டமிடுவோர் எளிதில் எண்ணிவிடுகிறார்கள். ஸ்வீடனில் நடந்த ஆய்வுகளின் கணக்குப்படி, வளர்ந்த வண்டுகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே பிறந்த மரத்தை விட்டு வேறு மரத்துக்குப் போகின்றன. அப்படிப் போனவையும் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் நின்றுவிட்டன. வெப்பம் மிகுந்த பிரான்சிலும் இத்தாலியிலும் இதைவிட அதிக தூரம் பறந்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே ஓரிடத்தில் கிடைத்த அளவை வேறொரு நாட்டுக்கு அப்படியே பொருத்துவதும் தவறுதான். எப்படியானாலும், பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு காப்பகங்கள் வரைபடத்தில் பக்கத்துப் பக்கமாகத் தெரிந்தாலும், இந்த வண்டுக்கு அவை ஒன்றோடொன்று தொடர்பற்றவையே. அந்த இடைவெளியில் அடர்ந்த புதுத் தோப்பை நட்டு ‘இணைப்புப் பாதை’ என்று பெயர் சூட்டுவதாலும் பயனில்லை. வெயில் படும் முதிய மரங்கள் இடையிடையே நிற்க வேண்டும். சாலையோர மரங்கள், தேவாலய வளாகங்கள், வயல் வரப்புகள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

வேலி போட்டுவிட்டு, இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்கிவிடுவது நல்லெண்ணத்தால் விளையும் தவறு. ஸ்வீடனின் ஓஸ்டர்யோட்லாண்ட் பகுதியில் உள்ள ஓக் மரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் மாடு மேய்ந்த திறந்த வெளியில் அகலமாகக் கிளைவிட்டு வளர்ந்தவை. மேய்ச்சல் நின்றதும் இளமரங்கள் கிளம்பி அவற்றைச் சூழ்ந்து நிழலில் அமிழ்த்துகின்றன. கீழ்க்கிளைகள் காய்கின்றன, பொந்தின் வெப்பம் குறைகிறது, மரமே முன்னதாகச் சாகிறது. மேய்ச்சலை மீட்பதும், சூழ்ந்த இளமரங்களை ஒரேயடியாக வெட்டாமல் சில ஆண்டுகளில் படிப்படியாக விலக்குவதும் அங்கே பாதுகாப்பு வேலையின் மையம்.

இன்றுள்ள மரங்களைக் காத்தாலே போதும் என்று நினைப்பவர்கள் காலத்தை மறந்துவிடுகிறார்கள். ஓக் மரத்தில் பெரிய பொந்து உருவாக இருநூறு ஆண்டுகள்கூட ஆகலாம். முதிய மரங்களுக்கும் கன்றுகளுக்கும் இடைப்பட்ட வயதுடைய மரங்கள் இல்லாத இடங்களில், இன்று வண்டுகள் இருந்தாலும் நாளை அவற்றுக்கு வீடு இருக்காது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப, ஓக் மரத்தூளும் இலைச்சருகும் நிரப்பிய மரப்பெட்டிகளை ஸ்வீடனில் மரங்களில் பொருத்திப் பார்த்தார்கள். பொந்தில் வாழும் பல வண்டினங்கள் அவற்றில் குடியேறின. இளமரங்களில் வேண்டுமென்றே காயம் ஏற்படுத்திப் பொந்து உருவாவதை விரைவுபடுத்தும் முறையும் அங்கே சோதிக்கப்படுகிறது. இவை காலத்தை வாங்கித் தரும். கன்று நடுவதைத் தள்ளிப்போடக் காரணமாகிவிடக் கூடாது.

சட்டம் காப்பக எல்லையோடு முடிகிறது என்ற எண்ணமும் பரவலானது. துறவி வண்டு வாழிட நெறியாணையின் நான்காம் இணைப்புப் பட்டியலிலும் இருப்பதால், காப்பகத்துக்கு வெளியே நிற்கும் மரத்திலும் அதற்குக் கடுமையான பாதுகாப்பு உண்டு. ஸ்டுட்கார்ட் ரயில் நிலைய மறுகட்டமைப்பில், நகரப் பூங்கா மரங்களில் இருந்த இந்த வண்டு மரம் வெட்டுவதற்குத் தடையாக நின்றதை ஜெர்மனி முழுவதும் அறியும். விழுந்துவிடும் என்ற அச்சத்தில் சாலையோரப் பொந்து மரத்தை அடியோடு வெட்டுவதற்குப் பதிலாக, கிளைகளைக் கழித்துச் சுமையைக் குறைத்துத் தண்டை நிற்கவிடலாம்.

கணக்கெடுப்பில், வண்டு கண்ணில் படவில்லை என்பதாலேயே ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. பொந்துக்கு வெளியே மிகச் சிலவே தென்படும். புழுக்களின் எச்ச உருண்டைகளைத் தேடலாம், பெரோமோன் பொறி வைக்கலாம். மரத்தூளை முழுவதும் அள்ளிக் கொட்டித் தேடுவது வண்டின் வீட்டையே கலைத்துவிடும்.

வேறு வண்டினங்களுக்கு வேறு ஆபத்துகள் உண்டு. பீச் (beech; பழம் தரும் பீச் அன்று) மரக் காடுகளில் வாழும், நீலச் சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள் கொண்ட ரோசாலியா ஆல்பினா என்ற நீள்கொம்பு வண்டு, வெயிலில் கிடக்கும் காய்ந்த மரத்தில் முட்டையிடுகிறது. வெட்டிய பீச் கட்டைகளைக் காட்டோரத்தில் கோடை முழுவதும் அடுக்கி வைத்தால், வண்டுகள் அவற்றைத் தேடி வந்து முட்டையிடும். பிறகு லாரி வந்து கட்டைகளோடு ஒரு தலைமுறையையே அள்ளிக்கொண்டு போய்விடும். ஜூன் மாதத்துக்குள் கட்டைகளை அப்புறப்படுத்திவிட வேண்டும், அல்லது நிழலில் அடுக்க வேண்டும். முட்டையிட்டுவிட்ட கட்டைகள் இருந்தால் அவற்றை அங்கேயே விட்டுவிட வேண்டும்.