டெக்கில் கறுப்புக் கறை: பூஞ்சை அல்ல, திருகாணி

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு சிடார் மர டெக்கில் (வீட்டையொட்டிய திறந்த பலகைத் தளம்) திட்டுத்திட்டாகக் கறுப்பு. பூஞ்சை என்று பிளீச் ஊற்றித் தேய்த்தேன், அசையவில்லை. ஆள் வைத்து பிரஷர் வாஷ் செய்தேன். பலகை நார்நாராகக் கிளம்பியதுதான் மிச்சம், கூலி வேறு. மூன்று வார இறுதிகள் போயின.

அடுத்து வந்தவர் கறையைத் தொடவே இல்லை, குனிந்து திருகாணிகளைப் பார்த்தார். எல்லாக் கறையும் அவற்றைச் சுற்றியே! சிடார் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு ஈரத்தில் சேர்ந்தால் கறுக்குமாம். பிளீச்சுக்கு வெளுத்தால்தான் பூஞ்சை.

பழைய பிளீச்சை நன்றாக அலசிவிட்டு (அமிலத்தோடு சேர்ந்தால் விஷவாயு) ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவினார். கால் மணி நேரத்தில் மரத்தின் நிறம் திரும்பியது. அப்பாடா! திருகாணிகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றி, மரம் காய்ந்த பிறகு சீலர் (ஈரம் புகாமல் காக்கும் பூச்சு) அடித்தார்.