மார்ட்டினியும் அதன் மாறுபாடுகளும்: புதியவர்களுக்கான செய்முறை

மார்ட்டினி என்ற காக்டெய்லில் ஜின் (ஜூனிப்பர் காய் மணமூட்டிய சாராயம்), உலர் (இனிப்புக் குறைந்த) வெர்மூத் என்ற இரண்டே மதுவகைகள் சேர்கின்றன. பழச்சாறோ சர்க்கரையோ இல்லாததால், அளவிலோ குளிர்ச்சியிலோ ஏற்படும் சிறு பிசகும் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். இந்தக் கண்டிப்பே பார் வேலை பழகுபவர்களுக்கு இதை நல்ல பாடமாக ஆக்குகிறது. அடிப்படைக் கலவை கைக்கு வந்துவிட்டால், அதில் ஒரு பொருளையோ விகிதத்தையோ மாற்றுவதன் மூலமே பெரும்பாலான மாறுபாடுகளைச் செய்துவிடலாம்.

மிக்ஸிங் கிளாஸ், நீண்ட பார் ஸ்பூன், மி.லி. கோடிட்ட ஜிகர் (சிறிய அளவுக் கோப்பை), ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறும் கோப்பையை முன்கூட்டியே ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். ஐஸ்கட்டிகள் பெரியதாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மேற்பரப்பில் ஏற்கெனவே நீர் வழியும் கட்டிகள் கலவையைத் தேவைக்கு மேல் நீர்க்கச் செய்துவிடும். வெர்மூத் என்பது மூலிகைகளால் மணமூட்டி, சாராயம் சேர்த்து வலுவூட்டிய திராட்சை மது ஆகையால், திறந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு மாதங்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வெர்மூத்தே பிடிக்காது என்பவர்களில் பலர், அலமாரியில் நெடுநாள் திறந்து கிடந்து கெட்டுப்போனதைத்தான் சுவைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அடிப்படைக் கலவை

முதலில் 60 மி.லி. ஜின்னையும் 10 மி.லி. உலர் வெர்மூத்தையும் ஜிகரில் அளந்து மிக்ஸிங் கிளாஸில் ஊற்றுங்கள். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலில் உள்ள அளவும் இதுவே. கண்ணளவில் ஊற்றுவது பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் 10 மி.லி. மட்டுமே சேரும் ஒரு பொருளில் 5 மி.லி. கூடினால் அது பாதிக்குப் பாதி பிழை என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து, கிளாஸின் முக்கால் பங்குக்கு ஐஸ்கட்டிகளை நிரப்பி, ஸ்பூனின் முதுகு கண்ணாடிச் சுவரை ஒட்டியே சுழலும்படி சுமார் 30 விநாடிகள் நிதானமாகக் கலக்குங்கள். இந்தப் படியில்தான் பானத்தின் தரம் முடிவாகிறது. ஐஸ் உருகும்போதுதான் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அதிக வெப்பத்தை உறிஞ்சுகிறது என்பதால், குளிர்வதும் நீர்ப்பதும் ஒன்றாகவே நடக்கின்றன. கலவையில் ஆல்கஹால் இருப்பதால் அது 0 டிகிரிக்குக் கீழும் இறங்கும். நாம் ஊற்றிய 70 மி.லி.யுடன் ஏறத்தாழ 15 முதல் 20 மி.லி. நீர் சேர்ந்திருக்கும்; இந்த நீரையும் மார்ட்டினியின் மூன்றாவது பொருளாகவே கருத வேண்டும். அது குறைந்தால் ஜின் தொண்டையில் எரியும், கூடினால் மணம் தட்டையாகிவிடும். எனவே 15, 30, 45 விநாடிகளில் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். எங்கே நிறுத்துவது என்பதை நாக்கே கற்றுக்கொள்ளும்.

பிறகு குளிர்ந்த கோப்பையில் வடித்து, மஞ்சள் எலுமிச்சைத் தோலை மெல்லிய பட்டையாகச் சீவி, அதன் எண்ணெய் பானத்தின் மேல் தெறிக்கும்படி முறுக்குங்கள். ஆலிவ் விரும்புபவர்கள் தோலுக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம்.

மாறுபாடுகள்

மிக எளியது கிப்ஸன். அலங்காரமாக ஊறுகாய் வெங்காயத்தைப் போட்டால் போதும். வெர்மூத்தைக் குறைக்கக் குறைக்க அதை ‘டிரை’ என்றும், கூட்டினால் ‘வெட்’ என்றும் அழைப்பார்கள். ‘பெர்ஃபெக்ட்’ என்று கேட்பவருக்கு உலர் வெர்மூத்தும் இனிப்புச் சிவப்பு வெர்மூத்தும் சம அளவில் சேர வேண்டும்.

ஜின்னும் உலர் வெர்மூத்தும் தலா 35 மி.லி. சேரும் ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’யைத்தான் புதியவர்கள் முதலில் பருகிப் பார்க்க வேண்டும் என்பேன். வெர்மூத்தின் மூலிகை மணம் இதில்தான் தெளிவாகப் புலப்படும், காரமும் குறைவு. இரண்டு சொட்டு ஆரஞ்சு பிட்டர்ஸ் (ஆரஞ்சுத் தோல் மணமுள்ள கசப்புச் சாறு) இதற்கு நன்றாகப் பொருந்தும்.

‘டர்ட்டி’ மார்ட்டினிக்கு அடிப்படைக் கலவையில் ஆலிவ் ஊறிய உப்புநீரைச் சேர்க்க வேண்டும். 10 மி.லி. வரை சேர்ப்பது வழக்கம் என்றாலும், உப்பின் அளவு புட்டிக்குப் புட்டி மாறுவதால் 5 மி.லி.யில் தொடங்குங்கள். உப்புநீரும் நீர்தான் என்பதால் கலக்குவதைச் சில விநாடிகள் முன்னதாகவே நிறுத்திவிடலாம்.

இயன் ஃபிளெமிங் 1953-இல் வெளியிட்ட ‘கசினோ ராயல்’ நாவலில் பிறந்தது வெஸ்பர். மூன்று பங்கு ஜின், ஒரு பங்கு வோட்கா, அரைப் பங்கு கினா லில்லே (மணமூட்டிய பிரெஞ்சு திராட்சை மது) என்பது அதில் வரும் கணக்கு. கினா லில்லே இப்போது தயாரிக்கப்படுவதில்லை, 45 மி.லி. ஜின், 15 மி.லி. வோட்கா, 7.5 மி.லி. லில்லே பிளாங்க் என்பது இன்றைய அளவு. நாவலில் இதைக் குலுக்கவே சொல்கிறார்கள். குலுக்கினால் காற்றுக் குமிழிகளும் ஐஸ் துகள்களும் கலந்து பானம் கலங்கலாகும், விரைவாக நீர்க்கும். கேட்டவருக்கு அப்படியே கொடுப்பதில் தவறில்லை. எனக்குப் பிடித்தது கலக்கிய தெளிவுதான்.

வலிமையைக் கணக்கிடுதல்

பரிமாறுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சதவீத ஜின் 60 மி.லி.யில் 24 மி.லி. தூய ஆல்கஹாலும், 18 சதவீத வெர்மூத் 10 மி.லி.யில் 1.8 மி.லி.யும் உள்ளன. 5 சதவீத பீர் 330 மி.லி.யில் இருப்பது 16.5 மி.லி. மட்டுமே. ஆகவே சிறிய கோப்பையில் தெரியும் ஒரு மார்ட்டினி, ஒன்றரை பீருக்கும் சற்று மேலானது. வகைகளை ஒப்பிட்டுப் பழகும்போது 30 மி.லி. ஜின், 5 மி.லி. வெர்மூத் எனப் பாதி அளவில் கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மட்டும் சுவையுங்கள். குறைந்த அளவு விரைவில் நீர்க்கும் என்பதால், கலக்கும் நேரத்தையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.