சின்ன ஃபிளாட்டில் மீன் தொட்டி: தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் வழி

நான் முதன்முதலில் வைத்த தொட்டியில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் மல்லாந்து மிதக்கின்றன. "தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?" என்று அம்மா கேட்டார். தெளிவாக இருந்தால் சுத்தம் என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்திருந்தேன்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, செவுளைப் புண்ணாக்கிவிடும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கிற இடம்தான் ஃபில்டர். தூசியைப் பிடிப்பதெல்லாம் அதற்கு உபரி வேலை.

சென்னையில் நான் இருப்பது ஒரு பெட்ரூம் ஃபிளாட். அதில் எனக்குச் சரிப்பட்டு வந்த முறையைச் சொல்கிறேன்.

என்ன வாங்க வேண்டும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி ஒன்று. மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். அதற்கேற்ற ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப், டியூப், தண்ணீர் பம்புக்குத் திரும்பாமல் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு, ஆன்டி குளோரின் பாட்டில், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கிற டெஸ்ட் கிட். சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் எல்லாமே கிடைக்கும். அன்றைக்கே மீனையும் வாங்கிவிடாமல் திரும்பி வருவதுதான் கஷ்டம். வாங்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

மோட்டார் வைத்த ஃபில்டர்கள் பார்க்க அழகுதான். ஆனால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் விலை குறைவு, கப்பி என்கிற சின்ன மீனின் குட்டிகளை உள்ளே இழுக்காது, கெட்டுப்போக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. 3 வாட் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் 2 யூனிட் சொச்சம்தான் ஆகும்.

தொட்டியை வைப்பது

கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 70 கிலோ பக்கம் வரும். பிளாஸ்டிக் ஸ்டூல் தாங்காது. ஆடாத இரும்பு ஸ்டாண்டில் தெர்மோகோல் ஷீட் போட்டு, சுவரோரமாக வையுங்கள். நேர் வெயில் படுகிற ஜன்னல் பக்கம் வேண்டாம், பாசி பிடித்துவிடும்.

ஃபில்டரை மாட்டுவது

புது ஸ்பாஞ்ச் மிதக்கும். வாளித் தண்ணீருக்குள் முக்கிப் பத்துப் பதினைந்து தடவை பிழிந்தால் உள்ளே இருக்கிற காற்று குமிழ் குமிழாக வெளியேறும், ஸ்பாஞ்ச் அடியில் உட்காரும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைப்பது நல்லது. முடியாவிட்டால் நடுவில் வால்வு கட்டாயம். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாக இறங்கிப் பம்புக்குள் போய்விடும். வால்வின் திசை தெரியவில்லையா? வாயால் ஊதிப் பாருங்கள். எந்த முனையில் ஊதினால் காற்று போகிறதோ அந்த முனை பம்ப் பக்கம் வர வேண்டும். இராத்திரி "உர்ர்ர்" என்று சத்தம் வந்தால் பம்புக்கு அடியில் பழைய துண்டை மடித்து வையுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கி வளைந்து மேலே போகட்டும். தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எந்தத் தண்ணீர்

ஃபிளாட் சம்ப்பில் மெட்ரோ வாட்டர், போர், லாரி என்று எல்லாம் கலந்திருக்கும். வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டால் இன்றைக்கு எது வந்தது என்று சொல்லிவிடுவார். மெட்ரோ வாட்டரில் கலக்கிற குளோரின் மீனையும் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும். பாட்டிலில் போட்டிருக்கிற அளவுப்படி ஆன்டி குளோரின் விடுங்கள். போர் தண்ணீர் என்றால் ஒரு நாள் காற்று ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானதாச்சே என்று அதையே ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் தாது உப்புகள் அநேகமாக இருக்காது. கப்பி, மோலி போன்ற மீன்களுக்கு நம் ஊர்க் கடினத் தண்ணீரே ஒத்துவரும்.

பொறுமை வேண்டிய இடம்

மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்ன பாக்டீரியா வரும். இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகலாம். காலித் தொட்டிக்குத் தீனி போடுவதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். யாராவது நண்பர் நன்றாக ஓடுகிற தொட்டி வைத்திருந்தால், அவருடைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

இடையில் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். தீனி போட்டுக்கொண்டே இருக்கும்போதும் இரண்டும் பூஜ்யம் காட்டினால் மீன் விடலாம். முதலில் நாலைந்து கப்பி போதும். கோல்டு ஃபிஷ் ஆசை இருந்தால் பெரிய தொட்டி வாங்கும்வரை தள்ளிப்போடுங்கள்.

வாரா வாரம்

10, 12 லிட்டர் தண்ணீரை டியூப் போட்டு அடிக்கழிவோடு உறிஞ்சி எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள். நைட்ரேட் குறைய இதுதான் வழி. மணி பிளான்ட் கொடி ஒன்றின் வேரைத் தொட்டியில் தொங்கவிட்டால் அதுவும் கொஞ்சம் உறிஞ்சும். எடுத்த தண்ணீர் பால்கனி மல்லிச்செடிக்கு நல்ல உரம்.

குமிழ் குறைந்தால் ஸ்பாஞ்சைக் கழுவுங்கள், ஆனால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான். நான் ஒரு தடவை குழாயடியில் வைத்துச் சோப்பு போடாத குறையாகத் தேய்த்தேன். ஒன்றரை மாதம் வளர்ந்த பாக்டீரியா ஐந்து நிமிடத்தில் போனது. அடுத்த வாரம் அம்மோனியா ஏறி டெஸ்ட் கிட் பச்சையாகிவிட்டது.

கொசு மருந்து அடிக்கும் முன் பம்பை நிறுத்தி, தொட்டியை மூடிவிடுங்கள். அறைக் காற்றைத்தான் பம்ப் தண்ணீருக்குள் தள்ளுகிறது. புகை போனதும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். கரண்ட் நீண்ட நேரம் போகிற வீடு என்றால் பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். பொங்கலுக்கு மூன்று நாள் ஊருக்குப் போனால் வளர்ந்த மீன்கள் தீனி இல்லாமலே இருக்கும். பக்கத்து வீட்டுப் பையனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பாசத்தில் மொத்தத்தையும் கொட்டிவிடுவான்.