சுற்றுநிருபம் கைக்கு வந்ததும் அதிபர்களும் வலயத்தாரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். அதிபர் தன் கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு சுற்றுநிருபத்தின், அதாவது மேலிடம் பாடசாலைகளுக்கு அனுப்பும் அறிவுறுத்தல் கடிதத்தின், படம். முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது. வலது ஓரம் வெட்டுப்பட்டுத் திகதி பாதிதான் தெரிந்தது. யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டது. அதை நம்பி நேரசூசியை மாற்றி, ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியும் விட்டார். மூன்று நாள் கழித்து முழுக் கடிதம் வந்தது. இரண்டாம் பக்கத்தில் ‘தேசிய பாடசாலைகளுக்கு மாத்திரம்’ என்று ஒரு வரி. அவருடையது மாகாணப் பாடசாலை. பழைய நேரசூசியைத் திரும்ப ஒட்டினார்கள். ஆனால் அந்த மூன்று நாளும் பதினோராம் தரத்துக்கு விஞ்ஞானப் பாடம் நடக்கவில்லை.

அவர் பொறுப்பில்லாத அதிபர் அல்ல. பிள்ளைகளுக்காக ஓடித் திரிகிற ஆள். ‘மேலிடத்திலிருந்து வந்துவிட்டது, பிந்திவிடக் கூடாது’ என்ற பதற்றம்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பதற்றத்தில் பிறந்தவைதான். இது எனக்கா, எப்போதிலிருந்து என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் பாதிக்கு மேல் நடந்திருக்காது.

முதலில், செய்தியைக் கட்டளையாக எடுத்துக்கொள்வது. அண்மைய உதாரணமே போதும். தரம் 5 முதல் 13 வரை 2026இலிருந்து பிற்பகல் 2 மணி வரை பாடசாலை நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டது. அதன் பிறகு, 2026இல் நேரம் நீடிக்கப்படாது, வழமைபோல 1.30 வரைதான் என்று கல்வி அமைச்சு சொன்னது. ஆறாம் தரப் புதிய பாடத்திட்டத்துக்கும் அதே கதைதான். 2026இல் தொடங்குவதாக இருந்தது. ஆங்கிலப் பாட மொடியூல் ஒன்றில் பொருத்தமில்லாத இணையத்தள முகவரி இருந்ததாகச் சர்ச்சை எழுந்து, ஜனவரி மாதத்தில் 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் முதலாம் தரத்துக்கான கல்வி மறுசீரமைப்பு நிறுத்தப்படவில்லை. ‘மறுசீரமைப்பு நின்றுவிட்டது’ என்று ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டு முதலாம் தர ஆசிரியரையும் பழைய முறைக்கே திருப்பினால், அங்கே பாதிக்கப்படுவது ஆறு வயதுப் பிள்ளை.

இந்த அரை மணித்தியாலம் நம் பக்கத்தில் சின்ன விடயம் இல்லை. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு வருகிற ஆசிரியர்கள் பலர் ஒரே பஸ்ஸில் வந்து அதே பஸ்ஸில் திரும்புகிறார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் வாவியைக் கடக்கிறவர்களும் இருக்கிறார்கள். பாடசாலை முடியும் நேரம் மாறும் என்று அறிவிப்பைப் பார்த்தே பெற்றோருக்குச் சொல்லிவிட்டால், வான்காரர் நேரத்தை மாற்றுவார், தாய் வேலை நேரத்தை மாற்றுவார். பிறகு ‘இல்லை, பழையபடிதான்’ என்று சொல்ல வேண்டி வரும். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை பாடசாலை சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இலக்கமும் திகதியும் கையொப்பமும் உள்ள முழுக் கடிதம் கைக்கு வரும்வரை ஆயத்தம் செய்யுங்கள், அறிவிக்காதீர்கள்.

அடுத்தது, யார் அனுப்பியது என்று பார்க்காமல் விடுவது. மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு கல்வி இரண்டு வீட்டுப் பிள்ளை. தேசிய பாடசாலைகள் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள அமைச்சின் கீழ் நேரடியாக இருக்கின்றன. மற்றவை மாகாணத்தின் கீழ். அங்கே கடிதம் திருகோணமலையிலுள்ள மாகாண அலுவலகம், வலயக் கல்வி அலுவலகம், அதன் கீழுள்ள கோட்டம் என்று படிப்படியாக இறங்கி வரும். பாடத்திட்டமும் தேசியப் பரீட்சைகளும் மத்தியின் கையில். மாகாண ஆசிரியரின் இடமாற்றமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் மாகாணத்தின் கையில். இந்தக் கோட்டை மறந்து, தேசிய பாடசாலை ஆசிரியருக்கான இடமாற்றக் கடிதத்தைக் காட்டி மாகாண ஆசிரியர் ஒருவரை விடுவித்தால் அவருடைய சம்பளம் நடுவழியில் நின்றுபோகும். அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

வலய அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து வலயம், அம்பாறையில் ஏழு. கல்முனை போன்ற வலயத்தில் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் ஒரே பணிப்பாளரின் கீழ் இயங்குகின்றன. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டித் தவணை அட்டவணை வேறாக வரும். ‘சகல அதிபர்களுக்கும்’ என்று ஒரே முகப்புக் கடிதம் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினால், பக்கத்து ஊர்ப் பாடசாலையின் திகதியைப் பார்த்துத் தவணைப் பரீட்சையை வைக்கிற நிலை வரும். முகப்புக் கடிதத்தில் எந்தப் பாடசாலைகளுக்கு என்று ஒரு வரி எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சரி, புதியதைத் தவறாகப் படிப்பது ஒரு பக்கம். பழையது தலையிலிருந்து இறங்காமல் இருப்பதுதான் அதைவிட ஆபத்து என்று நினைக்கிறேன். கட்டாயக் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 5 முதல் 14 வயது வரை என்றது. 2016இல் அது 16 வயதாக உயர்ந்தது. இத்தனை ஆண்டு கழிந்தும், ‘பதினான்கு முடிந்துவிட்டது, இனி நமக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்கிற அதிபரை நான் சந்தித்திருக்கிறேன். பதினான்குக்கும் பதினாறுக்கும் இடையில்தான் நம் பிள்ளைகள் வயல் வெட்டுக்கும் கடலுக்கும் கடைக்கும் போகிறார்கள். வரவுப் பதிவேட்டில் தொடர்ந்து சிவப்பு விழுந்த பிள்ளையின் பெயரை வெட்டுவதற்கு முன், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் கிராம சேவகரோடு பேசுவதும் இன்றைய சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

உடல்ரீதியான தண்டனையிலும் இதே நிலைதான். 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் அதைத் தடுத்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் ஒழுக்கத்தை அடியில்லாமல் பேணுவது எப்படி என்று மேலும் விரித்துச் சொன்னது. ஆசிரியர் அடித்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நட்டஈட்டில் அரசுக்கும் பங்கு விழுந்தது. ‘பெற்றோரே அடிக்கச் சொன்னார்கள்’ என்ற பேச்சு எந்த விசாரணையிலும் நிற்காது. புதிதாக நியமனம் பெற்று வருகிற ஆசிரியருக்கு முதல் நாளிலேயே இந்தச் சுற்றுநிருபங்களை வாசிக்கக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். பிள்ளையையும் காக்கும், அந்த இளம் ஆசிரியரையும் காக்கும்.

மொழி விடயத்தில் நாம் நமக்கே அநியாயம் செய்கிறோம். சிங்களப் பிரதி முன்னால் வந்து தமிழ்ப் பிரதி பிந்துவது நமக்குப் பழகிவிட்டது. சிங்களம் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் வாய்மொழியாகக் கேட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறோம். ‘செய்யலாம்’ என்று இருந்ததை ‘செய்ய வேண்டும்’ என்று அவர் சொன்னால் போதும், விருப்பத் தெரிவு ஒன்று கட்டாயமாகிவிடும். ஒரு முறை இப்படித்தான், விரும்பினால் நடத்தலாம் என்றிருந்த ஒரு நிகழ்ச்சிக்காக ஒரு கோட்டம் முழுவதும் இரண்டு கிழமை பாடம் நின்றது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. தமிழ்ப் பிரதி தாருங்கள் என்று எழுத்தில் கேட்பது முறைப்பாடு இல்லை, உரிமை. பிரதி வரும்வரை, அவசரமானால், வலயத்தில் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டு, அவர் சொன்னதையும் திகதியையும் குறித்து வையுங்கள்.

பணம் பற்றி ஒரு சொல். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தீர்மானித்துவிட்டது என்பதால் மட்டும் ஒரு வசூல் சரியாகிவிடாது. நடைமுறையிலுள்ள சுற்றுநிருபம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்து, பற்றுச்சீட்டு கொடுத்து, சங்கக் கணக்கில் போட வேண்டும். காசு கட்டவில்லை என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது எந்தக் காலத்திலும் கூடாது.

அப்புறம், எழுதி வைக்காமல் விடுவது. கணக்காய்வு வினா மூன்று வருடம் கழித்தும் வரும். அப்போது அந்த அதிபர் இடமாற்றத்தில் போயிருப்பார், முகாமைத்துவ உதவியாளரும் மாறியிருப்பார். எந்தக் கடிதத்தின் பேரில், எந்தத் திகதியில், என்ன செய்தோம் என்று, பாடசாலையில் நடப்பதை அதிபர் பதிந்துவைக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் மூன்று வரி இருந்தால் பதில் சொல்வது இலகு. இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாகக் கோப்புகளைக் கிளற வேண்டும். நம் பக்கத்து மாரி மழையில் நனைந்து ஒட்டிப்போன கோப்புகளில் எழுத்தும் தெரியாது.

கல்முனைப் பக்கத்து அதிபர் ஒருவர் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வைத்திருந்தார். இடது பக்கத்தில் சுற்றுநிருபத்தின் இலக்கமும் பொருளும். வலது பக்கத்தில் ‘நடைமுறையில்’ அல்லது ‘நீக்கப்பட்டது’, நீக்கிய கடிதத்தின் இலக்கம், யாருக்குச் சொல்லப்பட்டது. இடமாற்றம் கிடைத்துப் போனபோது சாவிக்கொத்தோடு அந்தக் கொப்பியையும் புதிய அதிபரின் கையில் கொடுத்தார். வந்த முதல் கிழமையே புதியவர் அதைப் பார்த்து, பதிவேட்டில் பெயர் வெட்டப்படவிருந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் வீட்டைத் தேடிப் போனார்.